பன்னிரண்டு சொற்களைக் காப்பாற்றுவது: கிரிப்டோ வைத்திருக்கும் சாதாரண மனிதருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

களுவாஞ்சிக்குடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மாரிகாலத்தில் என் மேசைக்கு வருபவற்றில் பாதி தண்ணீர் குடித்தவை. வாவியில் விழுந்தது, தோணிக்குள் நனைந்தது, சட்டைப்பையில் மழையோடு ஊறியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். ஒரு மார்கழியில் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வெளிநாட்டுக் கடைகளுக்கு இலச்சினை வரைந்து கொடுக்கிறவர். கூலியை யூஎஸ்டிடியாக, அதாவது டொலரின் பெறுமதியோடு ஒட்டி நிற்கும் கிரிப்டோ நாணயமாக, வாங்குகிறவர்.

"அண்ணா, தொலைபேசி போனால் போகட்டும். உள்ளே இருக்கிற ஒரேயொரு படத்தை மட்டும் எடுத்துத் தாருங்கள்" என்றார்.

நான்கு நாள் எடுத்தது. மின்பலகையில் பச்சை பூத்திருந்ததைச் சுரண்டி, மின்கலத்தை மாற்றி, ஒருவழியாகத் திரை ஒளிர்ந்தது. படங்களைத் திறந்தேன். யாருடையதோ பிறந்தநாள் கேக்குக்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் அந்தப் படம் இருந்தது: வரிசை எண்ணோடு பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அவருடைய ஆறு மாத உழைப்பு முழுவதும் என் கண் முன்னால் எழுத்துக்கூட்டிக் கிடந்தது.

அவை அவருடைய வொலட்டைத் (கிரிப்டோவின் சாவியை வைத்திருக்கும் செயலி) திறக்கும் சொற்கள். கடையை விட்டுப் போவதற்கு முன்பே புதிய வொலட் ஒன்றைத் திறந்து காசை அங்கே மாற்றச் சொன்னேன். "உங்களை நம்பாமலா அண்ணா?" என்று சங்கடப்பட்டார். நான் நல்லவனா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தச் சொற்களை இன்னொருவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். பார்த்த சொல் பழைய சொல்.

அவருக்கு அன்று வாயால் சொன்னதையே இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கிரிப்டோ வாங்கலாமா, விலை ஏறுமா என்பதைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. ஏற்கெனவே கையில் இருப்பதை எப்படிக் காப்பது என்பது மட்டும்தான்.

தொடங்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரிப்டோ போன்ற மெய்நிகர் நாணயங்களின் ஆபத்தைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களுக்கு அறிவித்தல்கள் விடுத்தது. 2021இன் 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி கடனட்டை, பற்று அட்டை கொண்டு அவற்றுக்குக் காசு செலுத்த அனுமதியில்லை. ஏதாவது நடந்தால் வங்கியில் முறையிட்டு மீட்கும் வழி நமக்கு இல்லை என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். விதிகள் மாறக்கூடியவை. புதிதாக ஏதும் செய்யுமுன் மத்திய வங்கியின் இணையத்தளத்தைப் பாருங்கள், தமிழிலும் இருக்கிறது.

முதலில் விளங்க வேண்டியது: காசு தொலைபேசிக்குள் இல்லை

இதை விளங்காதவருக்கு மற்ற எந்தப் படியும் உதவாது. உங்கள் வளவு அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. அலுமாரியில் இருப்பது அதன் உறுதி. கிரிப்டோவும் அப்படித்தான். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பதிந்து கிடக்கிறது. உங்கள் வொலட் வைத்திருப்பது அந்தப் பேரேட்டில் உங்கள் பங்கைத் திறக்கும் சாவியை மட்டுமே. பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு மீட்புச் சொற்கள் அந்தச் சாவியின் எழுத்து வடிவம். தொலைபேசி கடலில் விழுந்தாலும் சொற்கள் கையில் இருந்தால் வேறு தொலைபேசியில் எல்லாம் திரும்ப வரும். சொற்கள் போய்விட்டால், தொலைபேசி பத்திரமாக இருக்கும் நாள்வரைதான் காசும் இருக்கும்.

காணி உறுதியோடு ஒப்பிட்டேன், ஆனால் ஓர் இடத்தில் அந்த ஒப்புமை முறிகிறது. சுனாமியில் உறுதி போனவர்கள் காணிப் பதிவகத்துக்கு நடந்து பிரதி எடுத்தார்கள். அலைச்சல்தான், ஆனாலும் ஒரு கந்தோர் இருந்தது. இங்கே கந்தோர் இல்லை. 2008இல் சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் முதல் கிரிப்டோ நாணயமான பிட்கொயினின் திட்டத்தை வெளியிட்டபோது, நடுவில் எந்தக் கந்தோரும் இருக்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். அந்தச் சுதந்திரத்துக்கான விலையை நாம் அலுமாரியைப் பூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

படி 1: எங்கே வைப்பது என்று முடிவெடுங்கள்

இரண்டு வழிகள். பைனான்ஸ், பைபிட் போன்ற பரிமாற்றத் தளங்களில் கணக்குத் திறந்து அங்கேயே விட்டுவைப்பது முதல் வழி. அங்கே சாவி அவர்களிடம், உங்களிடம் ஒரு கடவுச்சொல் மட்டும். மறந்தால் அடையாள அட்டையைக் காட்டி மீட்கலாம். ஆனால் அவர்கள் கவிழ்ந்தால் நீங்களும் கவிழ்வீர்கள். 2014இல் மவுண்ட் கொக்ஸ் ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிட்கொயின்களைத் தொலைத்துவிட்டு விழுந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் வங்குரோத்தானது. 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸிலிருந்து 23 கோடி டொலருக்கு மேல் களவுபோனது, மக்கள் மாதக்கணக்கில் தங்கள் கிரிப்டோவை எடுக்க முடியாமல் நின்றார்கள். 2025 பெப்ரவரியில் பைபிட் ஒரே நாளில் சுமார் 150 கோடி டொலரை இழந்தது. அது வாடிக்கையாளரின் இழப்பை ஈடுசெய்தது, எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று இருக்க முடியாது.

சாவியை நீங்களே வைத்திருப்பது இரண்டாவது வழி. யாரும் கவிழ்க்க முடியாது, உங்களைத் தவிர.

என் கணக்கு இதுதான். ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறைவானது, அடிக்கடி மாற்றிச் செலவழிப்பது, பரிமாற்றத் தளத்தில் இருக்கலாம். அதற்கு மேல் சேர்வதைச் சொந்த வொலட்டுக்கு எடுங்கள். ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கும் அளவுக்கு வந்துவிட்டால் தனிச் சாதனம் வாங்குங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். இன்னொருவர் கணக்கில் உங்கள் காசைப் போடுவது எந்தத் தொகையிலும் வேண்டாம். மச்சானாக இருந்தாலும் வேண்டாம், மச்சானாக இருந்தால் இன்னும் வேண்டாம்.

படி 2: மின்னஞ்சலையும் சிம்மையும் பூட்டுங்கள்

கள்ளன் வொலட் வழியாக வருவது குறைவு. மின்னஞ்சல் வழியாக வருகிறான். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து விழுகிறது. ஆகவே கிரிப்டோவுக்கு மட்டும் தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்து, அதை முகநூலிலோ வேலை விண்ணப்பத்திலோ எங்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் போதும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததைத்தான் என் கடையில் பத்துப் பேரில் ஏழு பேர் சொல்கிறார்கள், கேட்காமலே.

அடுத்தது இரண்டாம் பூட்டு. குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தை விட, கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்ற செயலி தரும் ஆறு இலக்கம் பாதுகாப்பானது, ஏனென்றால் உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுப்பவன் குறுஞ்செய்தியையும் எடுத்துவிடுவான். அந்தச் செயலியைப் பொருத்தும்போது தரப்படும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் தொலைபேசியை மாற்றிவிட்டு வந்து நின்றவர்கள் பலர்.

சிம்மைப் பற்றி நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எத்தனையோ பேருடைய இலக்கம் வாப்பாவின் பெயரிலோ, காலமான பெரியப்பாவின் அடையாள அட்டையிலோ, கடைக்காரனின் பெயரிலோ இருக்கிறது. அதை உங்கள் அடையாள அட்டைக்கு மாற்றுங்கள். கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறவர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். காசு போடாமல் விட்ட இலக்கம் சில காலத்தில் நிறுத்தப்பட்டு வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். உங்கள் கணக்கின் பூட்டு அந்த இலக்கத்தில் இருந்தால், சாவி முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. விமானம் ஏறுமுன் பூட்டைச் செயலிக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: வொலட்டை நிறுவுங்கள்

பிட்கொயின் மட்டும் என்றால் புளூவொலட், பலவகை நாணயங்கள் என்றால் டிரஸ்ட் வொலட், எதீரியம் என்ற இன்னொரு வலையமைப்பைச் சார்ந்தவற்றுக்கு மெட்டாமாஸ்க் என்று பலரும் பயன்படுத்துகிறார்கள். எது என்பதை விட எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான் பெரிது. வட்ஸ்அப்பில் வந்த கோப்பை நிறுவாதீர்கள். கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள், போலிகள் காசு கொடுத்து அங்கே நிற்கின்றன. வொலட்டின் சொந்த இணையத்தள முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டி, அங்கிருக்கும் இணைப்பின் வழியாகப் பிளே ஸ்டோருக்குப் போங்கள்.

பழைய, புதுப்பிக்கப்படாத, பிள்ளைகள் விளையாட்டு இறக்கும் தொலைபேசி இதற்கு ஆகாது.

படி 4: சொற்களை எழுதுங்கள், இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்

கதவைச் சாத்துங்கள். இணையத்தை நிறுத்திவிடுங்கள். மேலே கண்காணிப்புக் கமெரா இருக்கிறதா என்று பாருங்கள், இப்போது வீடுகளிலும் வைத்திருக்கிறார்கள். வொலட் "புதிதாக உருவாக்கு" என்ற இடத்தில் சொற்களைக் காட்டும்.

படம் பிடிக்காதீர்கள். திரைப்பதிவு எடுக்காதீர்கள். உங்கள் தொலைபேசியின் படங்கள் தாமாகவே கூகுளுக்கு ஏறிக்கொண்டிருக்கும், நீங்கள் அறியாமலே. 2025இல் கஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 'ஸ்பார்க்கெட்' என்ற ஒரு நிரலைப் பற்றி வெளியிட்டது. பிளே ஸ்டோரிலும் அப்பிள் ஸ்டோரிலும் இருந்த சாதாரணச் செயலிகளுக்குள் ஒளிந்துகொண்டு, தொலைபேசியில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் படித்து மீட்புச் சொற்களைத் தேடி அனுப்பியது. படுவான்கரைத் தம்பியின் படத்தை முதலில் பார்த்தவன் நானாக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

தாளில் எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதில் ஒரு விசேடம் இருக்கிறது. இந்தச் சொற்கள் யாவும் 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வருகின்றன. அந்தப் பட்டியல் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியன், ஸ்பானியம் என்று சில மொழிகளில் உண்டு. தமிழில் இல்லை. கல்முனையிலிருந்து ஒரு காக்கா வந்தார், நல்ல வியாபாரி, ஆங்கிலம் எழுத வராது. மகன் வாசிக்க வாசிக்கத் தமிழ் எழுத்தில் அழகாக எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு சொல் 'கார்ட்'. விளையாடும் சீட்டைக் குறிக்கும் சொல்லும் இழுவை வண்டியைக் குறிக்கும் சொல்லும் அந்தப் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்' தான். ஒரு சொல் என்பதால் இரண்டையும் போட்டுப்பார்த்துத் தப்பினார். நான்கு சொற்கள் அப்படி இருந்திருந்தால் அவருடைய பொறுமையை விட என்னுடையது முதலில் தீர்ந்திருக்கும்.

ஆகவே ஆங்கிலத்திலேயே, பேரெழுத்தில், இடம்விட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இலக்கமிடுங்கள். பன்னிரண்டு சொற்களை 47 கோடியே 90 இலட்சம் விதமாக வரிசைப்படுத்தலாம், உங்களுடையது அதில் ஒன்று. எழுத்துத் தெளிவில்லாதவருக்கு ஓர் ஆறுதல்: பட்டியலில் முதல் நான்கு எழுத்தும் ஒத்த இரண்டு சொற்கள் கிடையாது. முதல் நான்கெழுத்து சரியாகத் தெரிந்தாலே சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஜெல் பேனை வேண்டாம், ஈரம் பட்டால் கலைந்துவிடும். பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும். போட்டோகொப்பிக் கடைக்கு இந்தத் தாள் போகக்கூடாது. லமினேட் செய்யவும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டினால் போதும்.

இரண்டு தாள்கள் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டக் கரை. ஒரு தாள் கடற்கரை வீட்டில் என்றால் மற்றது உள்ளே, சம்மாந்துறைப் பக்கமோ செங்கலடிப் பக்கமோ, முழு நம்பிக்கைக்குரிய ஓர் உறவினர் வீட்டுப் பெட்டகத்தில், முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். பன்னிரண்டில் ஆறை இங்கேயும் ஆறை அங்கேயும் வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். ஒன்று தொலைந்தால் இரண்டும் தொலைந்ததாகிவிடும்.

கறையானை மறந்துவிடாதீர்கள். புயலை விட அதிகமான உறுதிகளை அது தின்றிருக்கிறது என்பது என் எண்ணம். தொகை பெரிதென்றால் எவர்சில்வர் தகடு ஒன்றில் ஆணியும் சுத்தியலும் கொண்டு முதல் நான்கெழுத்துகளை நீங்களே புள்ளி புள்ளியாகக் குத்தலாம். சாதாரண இரும்பு வேண்டாம், நம் உப்புக்காற்றில் அது இரண்டு மாரியைத் தாண்டாது. கலியாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் ஒருவர் அப்படித்தான் கேட்டார்.

படி 5: ஒருமுறை அழித்துப் பாருங்கள்

எல்லாரும் தவறவிடும் படி இது. புதிய வொலட்டுக்கு ஐந்து டொலர் அளவு மட்டும் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் செயலியைத் தொலைபேசியிலிருந்து அழியுங்கள். வயிறு கலங்கும், பரவாயில்லை. பிறகு மீண்டும் நிறுவி, "ஏற்கெனவே உள்ள வொலட்" என்பதைத் தெரிவுசெய்து, தாளைப் பார்த்துச் சொற்களைத் தட்டுங்கள். ஐந்து டொலர் திரும்பத் தெரிந்தால் உங்கள் தாள் உண்மையானது. தெரியாவிட்டால் ஐந்து டொலரோடு பாடம் முடிந்தது. இதைச் செய்துபார்க்கும்வரை பெரிய தொகை எதையும் அங்கே அனுப்பாதீர்கள்.

படி 6: அனுப்பும்போது

2021இல் நான் நாற்பது டொலரைத் தொலைத்தேன். யாரும் ஏமாற்றவில்லை, அவசரம்தான் ஏமாற்றியது. யூஎஸ்டிடி ஒரே நாணயம் போலத் தோன்றினாலும் பல வலையமைப்புகளில் ஓடுகிறது. கொழும்புக்குப் போகிற பஸ்ஸும் ரயிலும் போல. ரயிலில் ஏற்றிய பொதியைப் பஸ் நிலையத்தில் நின்று தேடினால் கிடைக்காது. டிஆர்சி 20 என்பது டிரொன் வலையமைப்பு, அதன் முகவரி ஆங்கிலப் பேரெழுத்து 'டி'யில் தொடங்கும், 34 எழுத்துகள். ஈஆர்சி 20 என்பது எதீரியம். அதன் முகவரி பூச்சியமும் 'எக்ஸ்' எழுத்துமாகத் தொடங்கும், 42 எழுத்துகள். பிஈபி 20 (பிஎன்பி வலையமைப்பு) முகவரியும் அச்சாக எதீரியம் போலவே இருக்கும், அதில்தான் நான் விழுந்தேன். பெறுபவரிடம் முகவரியை மட்டும் கேட்காமல் எந்த வலையமைப்பு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

முகவரியைக் கையால் தட்டாதீர்கள். பிரதிசெய்து ஒட்டிய பிறகு முதல் ஆறு, கடைசி ஆறு, நடுவில் ஒரு நான்கு எழுத்துகளை ஒப்பிடுங்கள். நடுப்பகுதி ஏன் என்றால், முதலும் கடைசியும் ஒத்துப்போகும் முகவரிகளைக் கள்ளர்கள் உருவாக்குகிறார்கள். அதிலிருந்து உங்களுக்குச் சில்லறைத் தொகை ஒன்றை அனுப்பி, உங்கள் பழைய பட்டியலில் தங்கள் முகவரியை ஏற்றிவிடுவார்கள். அடுத்தமுறை நீங்கள் சோம்பலில் பட்டியலிலிருந்து பிரதியெடுத்தால் காசு அவர்களுக்கு. ஒட்டும் கணத்திலேயே முகவரியை மாற்றிவிடும் நிரல்களும் இருக்கின்றன.

பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகையை அனுப்பி, அடுத்த முனையில் இருப்பவர் "வந்தது" என்று சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள். இன்னொன்று: டிரொனில் யூஎஸ்டிடி அனுப்பக் கட்டணமாகக் கொஞ்சம் டிஆர்எக்ஸ் (டிரொனின் சொந்த நாணயம்) உங்கள் வொலட்டில் இருக்க வேண்டும். அது இல்லாமல் காசு கண்ணில் தெரிந்தும் அசைக்க முடியாமல் பதறுகிறவர்கள் உண்டு. பதற்றத்தில் யாரிடமாவது உதவி கேட்பார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்கும்.

பரிமாற்றத் தளத்தின் வழியாக இன்னொருவருக்கு விற்று ரூபாய்க்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வரி. காசு போட்டதாக வாங்குபவர் அனுப்பும் பற்றுச்சீட்டுப் படத்தை நம்பி நாணயத்தை விடுவிக்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து நிலுவையைப் பாருங்கள். அனுப்பியவரின் பெயர் தளத்தில் உள்ள பெயரோடு ஒத்துவராவிட்டால் வியாபாரத்தை நிறுத்துங்கள். களவுக் காசு உங்கள் கணக்கில் விழுந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு.

படி 7: கேட்டு வருகிறவர்கள்

மீட்புச் சொற்களை உண்மையான நிறுவனம் எதுவும் உங்களிடம் கேட்காது. இந்த ஒரு வரியைத் தெரிந்தவர் பத்தில் ஒன்பது வலைகளைத் தாண்டிவிடுவார். "உங்கள் வொலட்டைச் சரிபார்க்க வேண்டும்" என்று டெலிகிராமில் வருபவர், "திரையைப் பகிருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்" என்பவர், நீங்கள் ஒரு குழுவில் கேள்வி கேட்ட மறுநிமிடமே தனிச்செய்தியில் வரும் 'நிர்வாகி' எல்லாரும் ஒரே சாதி.

இதற்கு நேர்மாறான ஒரு தந்திரமும் உண்டு. தன் மீட்புச் சொற்களை ஒருவன் வெளிப்படையாகப் போட்டு, "இதில் யூஎஸ்டிடி இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை" என்று அப்பாவிபோல எழுதுவான். நீங்கள் திறந்து பார்த்தால் உண்மையாகவே காசு இருக்கும், கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் மட்டும் இல்லை. எடுக்கும் ஆசையில் டிஆர்எக்ஸ் அனுப்புவீர்கள். அந்த வொலட்டோ வேறொரு சாவியின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியே விடாதபடி பூட்டப்பட்டது. உங்கள் டிஆர்எக்ஸ் போய்விடும். இதில் சிக்கியவர் பொலிசுக்கும் போகமாட்டார், களவெடுக்கப் போய்த்தானே சிக்கினார்.

மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம், ஆள் சேர்த்தால் மேலதிகம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொல்வது கிரிப்டோவே அல்ல, பழைய பிரமிட்டுக்குப் புதிய சட்டை. வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இலங்கையில் அதைத் தடைசெய்கிறது, சேர்ப்பவரும் குற்றவாளிதான். நம் ஊர்களில் சீட்டுப் பிடித்துப் பழகிய நம்பிக்கை இவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. சீட்டில் அதை நடத்தும் தாய்ச்சியின் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

இணையத்தளம் ஒன்றில் வொலட்டை இணைத்து "அனுமதி" என்பதை அழுத்துவதும் ஒரு கையொப்பம். வாசிக்காமல் இட்டால் உங்கள் நாணயத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள எழுதிக்கொடுத்ததாகிவிடும். இலவச நாணயம் தருகிறோம் என்ற தளங்கள் அதற்காகவே இருக்கின்றன.

படி 8: தனிச் சாதனம்

லெஜர், டிரெசர் போன்ற கருவிகள் சாவியை இணையத்தோடு சேராத ஒரு சிறு பெட்டிக்குள் வைத்திருக்கின்றன. நடுத்தரமான ஒரு தொலைபேசியின் விலைக்குள் கிடைக்கும். உற்பத்தியாளரிடமிருந்தே வாங்குங்கள். பாவித்ததை, உறை திறந்ததை, வெளிநாட்டிலிருந்து வந்தவர் மலிவாகத் தருவதை வாங்காதீர்கள். பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்தால் அது பொறி. சொற்களை உங்கள் முன்னால் கருவியே உருவாக்க வேண்டும். 2020இல் லெஜரின் வாடிக்கையாளர் முகவரிகள் வெளியே கசிந்தன. பின்னர் சிலருக்குத் தபாலிலேயே போலிக் கருவிகளும் கடிதங்களும் வந்தன. கடிதத்தாளின் தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கருவி இருந்தாலும் தாள் தாள்தான். நான்காம் படியை மீண்டும் வாசியுங்கள்.

பழைய தொலைபேசி, கணினி எதையும் விற்குமுன் அதில் வொலட் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் 2013இல் ஒருவருடைய வன்தட்டு குப்பைக்குப் போனது. அதில் சுமார் 8,000 பிட்கொயின்களின் சாவி. நகரசபைக் குப்பைமேட்டைத் தோண்ட அவர் வழக்குவரை போனார், தோண்ட விடவில்லை.

போய்விட்டால்: முதல் ஒரு மணிநேரம்

சொற்கள் கசிந்துவிட்டன, காசு இன்னும் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டாம். வேறொரு தொலைபேசியில் புதிய வொலட் திறந்து, பெரிய தொகையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை, சொற்கள் மாறுவதில்லை. பரிமாற்றத் தளக் கணக்கு என்றால் கணக்கை முடக்கும் பொத்தான் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும், முதலில் அதை அழுத்துங்கள்.

காசு போய்விட்டால் பரிவர்த்தனை இலக்கம், முகவரிகள், உரையாடல்கள் எல்லாவற்றையும் சேமியுங்கள். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களுக்கான தேசிய நிலையமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள், பொலிசில் முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்குங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. களவுபோனது ஏதாவதொரு பரிமாற்றத் தளத்துக்குள் நுழைந்திருந்தால், அந்தத் தளத்துக்கு முறைப்பாட்டுப் பிரதியோடு உடனே எழுதுங்கள். சிலவேளை முடக்குவார்கள். திரும்பக் கிடைப்பது அரிது.

இதற்குப் பிறகு ஒருவர் வருவார். "நான் மீட்டுத் தருகிறேன், முதலில் கொஞ்சம் கட்டணம்" என்பார். பெரும்பாலும் முதல்முறை எடுத்தவர்தான், அல்லது அவரிடமிருந்து உங்கள் பெயரை வாங்கியவர்.

வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கிரிப்டோவுக்கு அப்படி ஒரு வழக்கமும் இல்லை. நீங்கள் ஒருநாள் இல்லாமல் போனால், அலுமாரியில் இருக்கும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளின் பாடக்கொப்பித் தாள் என்று நினைத்து எரித்துவிடுவார்கள்.

ஒரு கடிதம் எழுதுங்கள். சொற்களை அதில் எழுதாமல், என்ன இருக்கிறது, எந்த வொலட், எந்த வலையமைப்பு, தாள் எங்கே இருக்கிறது, அவசரப்படாதே, கடைக்காரன் யாரிடமும் காட்டாதே, முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார் என்று எளிய தமிழில் எழுதுங்கள். என்னிடமும் காட்ட வேண்டாம் என்று எழுதினாலும் நான் வருத்தப்படமாட்டேன்.

கடிதம் எழுதியபின் ஒத்திகை பாருங்கள். நான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியிடம் பழைய தொலைபேசியையும் கடிதத்தையும் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் இருந்துகொண்டேன். அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது: "இது 'யூ'வா 'என்'னா?" பதினோராவது சொல். என் கையெழுத்தில் எனக்கே தெரியவில்லை. படி நான்கை எழுதுவதற்கு முந்திய காலம் அது, சிற்றெழுத்தில் எழுதியிருந்தேன். அன்று மாலையே புதிய வொலட், புதிய சொற்கள், எல்லாம் பேரெழுத்தில். பழைய தாளை அடுப்பில் போட்டாள்.